பூச்சியத்திலிருந்து எண்ணியவன்

செவ்வாய்க்கிழமை காலை புதிய கைபேசிக்குள் சிம் போட ஓர் ஊசி தேவைப்பட்டது. உலகத்தையே உள்ளங்கைக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று பீற்றிக்கொள்கிறவர்கள், அதன் வயிற்றைத் திறக்க மட்டும் ஒரு துண்டு ஊசியைத் தந்து, அதைத் தொலைக்கிற பொறுப்பையும் நம்மிடமே விட்டிருக்கிறார்கள். நான் ஒழுங்காகத் தொலைத்துவிட்டேன். மேசை லாச்சியைக் கிளறிய என் மனைவி ஒரு தலை ஊசியையும் ஒரு சைக்கிள் கம்பியையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கம்பியை ஏன் இவ்வளவு வருசமா வீடு வீடாக் காவித் திரியிறியள்? எறியட்டோ?"

அது உன்னுடைய கம்பி, மச்சான். ஒரு முனை வளைந்தது, மறுமுனை நீ கிணற்றுக் கட்டில் தேய்த்து மழுப்பியது. அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

நீ இன்று இருந்திருந்தால் உனக்கு வேலை தலைக்கு மேலே இருந்திருக்கும். நான் சொல்வது நக்கல் அடிக்கிற வேலை. கொக்குவிலில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு இப்போது கடவுச்சொல் இருக்கிறது. சென்ற மாதம் அது தன்னைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி ஒரு பகல் முழுக்கக் கதவில் ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தோசை மா புளித்துப் பொங்கிவிட்டது. மெல்பேணில் இருக்கிற மகளைக் கேட்டால் "அப்பா, ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்கிறாள். அவளும் நிரல் எழுதுகிறவள்தான். நாளில் ஆறு மணித்தியாலம் கூட்டம், மிச்ச நேரம் அடுத்த கூட்டத்துக்கு ஆயத்தம். எப்போது எழுதுகிறாய் பிள்ளை என்று கேட்டேன். சிரித்தாள்.

மருதனார்மடச் சந்தியில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு கணினி அலுவலகம் வந்திருக்கிறது. மூத்தவர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. பதினொரு நிமிடம்தான். இருபது பட்டதாரிகள், ஒருவரிடமும் ஒரு பேனை இல்லை. தலைவர் செத்ததுபோல எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஐந்து வருடம் மின்சாரமே இல்லாமல் நாங்கள் இதே ஊரில் நிரல் எழுதினோம் என்று சொன்னேன். ஒருவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். கிழவனுக்குத் தட்டிவிட்டது என்று நினைத்திருப்பான்.

நானும் நீயும் கொழும்பில் ஒரே கணினிக்கூடத்தில் வேலை செய்து, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஒரே கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்கள். மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் கொண்டுவந்தார்கள். நீ ஒரு கோபோல் நிரல்மொழிக் கையேட்டைக் கொண்டுவந்தாய். கப்பலில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, "தலையணைக்குக்கூட உதவாத புத்தகத்தைக் கொழும்பிலை ஒருத்தனும் திருடமாட்டான், அதுதான் மிஞ்சினது" என்றாய்.

தொண்ணூறில் யுத்தம் திரும்ப மூள, மின்சாரம் அடியோடு நின்றது. அந்த வருடங்களில் உன் வாய்க்குத் தப்பியவர் வலிகாமத்தில் எவருமில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்கிற, எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவரைப் பார்த்து, "செய்தி கேக்கிறதுக்கே உப்பிடி வேர்க்குதெண்டால், செய்தியிலை வாறவனுக்கு எப்பிடி வேர்க்கும்" என்றாய். பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஜெனரேற்றர் பிடித்துப் படம் போட்டவரிடம், "பிள்ளை பெரிசானதை விட உம்மடை புகைதான் ஊருக்குத் தெரியுது" என்றாய். கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்து, பிள்ளைகளை அதில் தட்டப் பழக்கிய ஒரு ரியூட்டரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, "பார் மச்சான், பிழையே விடாத கொம்பியூட்டர் உலகத்திலை உது ஒண்டுதான்" என்றாய். ரியூட்டரிக்காரர் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு எங்களுக்குச் சோடா தந்தார்.

ஆனால் நக்கலோடு நின்றவன் அல்ல நீ. தொண்ணூற்றிரண்டில் ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். மின்சாரம் இல்லாததால் இரத்தத்தைச் சேமித்துவைக்க வழியில்லை, ஆட்களைத்தான் தேவைப்படும்போது கூட்டிவர வேண்டும், ஆனால் கொடையாளர் பெயர்களெல்லாம் பெரிய கொப்பியில் திகதி வரிசையில் கிடக்கின்றன, வேண்டிய வகையைத் தேடி எடுப்பதற்குள் நோயாளி போய்விடுகிறார் என்றார். நான் உடனே ஒரு கணினி எடுத்து ஜெனரேற்றரில் ஓட்டலாம் என்று தொடங்கினேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "மண்ணெண்ணெய்க்கு வரிசையிலை நிக்கிற ஊரிலை, பேர் பார்க்க ஜெனரேற்றரோ? உனக்கு மூளை இருக்கெண்டு ஆர் சொன்னது?"

சட்டைப் பெட்டி மட்டைகளை வெட்டினாய். ஆளுக்கு ஓர் அட்டை. மேல் விளிம்பில் வரிசையாகப் பத்து ஓட்டைகள். ஒவ்வோர் இரத்த வகைக்கும் ஓர் ஓட்டை, எந்த வகைக்கு எந்த இலக்க ஓட்டை என்று தனியே ஒரு பட்டியல். ஒருவருடைய வகை எதுவோ, அந்த ஓட்டையை மட்டும் விளிம்புவரை கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். அட்டைகளை ஒன்றாக அடுக்கி, வேண்டிய ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுத் தூக்கி உதறினால், மூடிய ஓட்டைக்காரர் கம்பியில் தொங்குவார்கள், திறந்த ஓட்டைக்காரர் மடியில் விழுவார்கள். அரை நிமிட வேலை. மின்சாரம் வேண்டாம், மை வேண்டாம். இன்றைய மேகக் கணிமைக்காரர்கள் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் இவ்வளவு சுத்தமான ஒரு சாமானைச் செய்யமாட்டார்கள்.

அட்டையில் பெயரும் விலாசமும் மட்டும் எழுதினாய். இரத்த வகையையும் எழுதுவோமே என்றேன். "ஒரு விசயத்தை ரெண்டு இடத்திலை வைச்சியோ, ஒரு நாளைக்கு ரெண்டும் ரெண்டு கதை சொல்லும். ஓட்டை சொல்லட்டும், காணும்" என்றாய். கொக்குவில் அட்டைகளை நீ வெட்டினாய், கோப்பாய் அட்டைகளை நான் வெட்டினேன். பத்துக்கு ஒன்றை எடுத்துக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாய். "பாத்தியோ?" என்று கேட்டாய். "ஓம், பாத்தனான்" என்றேன்.

பார்க்கவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக இருக்கிறவனுக்குச் சோதனை என்ன வேண்டியிருக்கிறது என்ற எண்ணம். அப்போது நான் சி மொழிப் புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதை ஓட்டிப் பார்க்க இயந்திரமே இல்லாத ஊரில், அதைப் படித்த ஒரே ஆள் என்ற மிதப்பு. அந்த மொழியில் எல்லாவற்றையும் பூச்சியத்திலிருந்துதான் எண்ணுவார்கள். "ஒண்டிலை இருந்து எண்ணத் தெரியாதவங்கள் செய்த மொழி" என்று நீ நக்கலடித்தாய். நீ பழைய ஆள், உனக்கு இதெல்லாம் விளங்காது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

அடுத்த வருடம் என் மனைவிக்குப் பிள்ளைப்பேறு. காலை எட்டு மணிக்கு மகள் பிறந்தாள். ஒன்பதரைக்குத் தாதி ஓடிவந்தார். இரத்தப்போக்கு நிற்கவில்லை, வகை பி நெகற்றிவ். அரிதான இரத்தம். நீ பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாய். பட்டியலில் பி நெகற்றிவ் ஆறாம் ஓட்டை. கொக்குவில் அட்டைக் கட்டுக்குள் கம்பியை விட்டு உதறினாய். ஒரே ஓர் அட்டை விழுந்தது. அந்த மனிதர் போன மாதம் வன்னிக்குப் போய்விட்டார் என்று உனக்குத் தெரியும். அன்றுவரை ஒருமுறையும் தேவைப்படாத கோப்பாய்க் கட்டை எடுத்து உதறினாய். பதினான்கு அட்டைகள் விழுந்தன.

"கோப்பாயிலை இவ்வளவு பேரோ?" என்று புருவத்தைச் சுருக்கினாய்.

"கோப்பாய்தானே, எல்லாம் சொந்தத்துக்குள்ளை கலியாணம் கட்டினதுகள். ஒரே இரத்தம்" என்றேன் நான்.

இப்படி ஒரு மூடக் கதையை நான் வேறு யாருடைய வாயிலும் கேட்டதில்லை. நீயும் அதை நம்பினாய், அல்லது நேரமில்லை என்று விட்டாய். இரண்டு சைக்கிளில் கோப்பாய்க்கு உழக்கினோம். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரைச் சேற்றுக் காலோடு ஏற்றிக்கொண்டு வந்தோம். உங்கள் இரத்தம் என்ன வகை என்று வழியில் கேட்டேன். "சிவப்பு" என்றார் அண்ணன்காரர். ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். இருவரும் பி பொசிற்றிவ்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே மர வாங்கில் நீ குந்திக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி இருந்தாய். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாய்.

"முதலாவது ஓட்டையை எத்தினையெண்டு எண்ணினனீ?"

"பூச்சியம்."

உன்னிடமிருந்து ஏச்சு வராத ஒரே சந்தர்ப்பம் அதுதான். கம்பியை ஓர் ஓட்டை தள்ளி, ஏழாவதுக்குள் விட்டு உதறினாய். ஒரே ஓர் அட்டை விழுந்தது. கோப்பாயில் ஒரு தையல் ரீச்சர். மறுபடியும் உழக்கிக்கொண்டு போனாய். கரியரில் குடை பிடித்தபடி, "தம்பி, பள்ளத்துக்குள்ளை விடாதையும்" என்று உன்னை வழி முழுக்க ஏசிக்கொண்டு அந்த மனுசி வந்து இரத்தம் கொடுத்தார். அதற்குள் இரண்டரை மணித்தியாலம் போய்விட்டது. இரத்தம் வரும்வரை காத்திருக்க முடியாமல், உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். முந்தி வந்திருந்தால் வேண்டியிருந்திருக்காது என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்.

நான்கு பிள்ளைகள் வேண்டும் என்று கலியாணத்துக்கு முந்தியே சொன்னவள் என் மனைவி. நான்குக்கும் பெயர்கூட வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள், ஏன் பிந்தினது என்று அவள் படுக்கையில் இருந்தபடி கேட்டாள். நான் குனிந்து பிள்ளையின் துணியை மடித்தேன். நீ கதவடியில் நின்றாய். "அட்டை என்ரை வேலை தங்கச்சி. பிழை என்ரை" என்றாய். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் உன்னைப் பிடித்துக்கொண்டு, ஏனடா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பூட்டைத் திறந்தபடி சொன்னாய்: "அவளுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும். நீ அவளோடை சீவிக்க வேண்டியவன். நான் படலைக்கு வெளியாலை நிக்கிறவன்தானே." "அரைவாசி என்ரை பிழையும்தான், வகையை எழுதவிடாமத் தடுத்தது நான்தானே" என்றும் சொன்னாய். நான் அந்த அரைவாசியைப் பிடித்துக்கொண்டேன். அதை மெல்ல மெல்ல முழுசாக ஆக்கிக்கொண்டேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

அதன்பிறகு அவள் உன்னைப் பெயர் சொல்லவில்லை. "உங்கடை மூளைக்காரர்" என்பாள். நீ வந்தால் படலையைத் திறக்காமல் உள்ளே பார்த்து, "உங்கடை மூளைக்காரர் வந்து நிக்கிறார்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். வலிகாமம் முழுவதையும் இளக்காரம் செய்த நீ, அவளுடைய இளக்காரத்தை மட்டும் ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல் வாங்கிக்கொண்டாய். நான் நடுவில் நின்று காலநிலை பற்றிக் கதைத்தேன். குளிர்சாதனப் பெட்டியையும் கண்ணாடி அலுவலகத்தையும் நக்கலடிக்கிற இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று உனக்குத்தானே தெரியும்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாங்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பத்தோடு ஒண்டியிருந்தோம். ஒரு பின்னேரம் நீ மழையில் நனைந்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு வந்தாய். உனக்கு முட்டு வருத்தம், மருந்து இல்லை. மற்றவர்கள் சட்டி பானை காவிய வழியில் நீ அட்டைப் பெட்டியைக் காவியிருக்கிறாய். "எல்லாம் நனைஞ்சு களியாப் போச்சு மச்சான். கம்பிதான் மிஞ்சினது, இந்தா" என்றாய். மனைவி மண்ணெண்ணெய் அடுப்பில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். உன்னைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தாள். நீ பார்க்காததுபோல மழையைப் பார்த்தாய். இரண்டு கிழமையால் நீ இல்லையென்று கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, எறிய வேண்டாம் என்றேன். பிறகு இருக்கச் சொன்னேன். சோதிக்காமல் சோதித்தேன் என்று சொன்னதிலிருந்து, பூச்சியம், பதினான்கு அட்டை, படலைக்கு வெளியே நிற்கிறவன் என்று நீ சொன்னதுவரை, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. கம்பியை என் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"அண்டைக்கு அந்த மனுசனுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கேல்லை நான்" என்றாள். எழும்பி உள்ளே போய்விட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருத்த வேண்டும், வேறிடத்தில் ஒட்டுப்போடக் கூடாது என்பாய். உன் பெயருக்கு வந்துகொண்டிருந்ததெல்லாம் இப்போது சரியான விலாசத்துக்கு வருகிறது. கம்பியை அவள் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில், உன் பெயர் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியின்மேல் வைத்திருக்கிறாள். காலையில் அதற்கு முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணி ஆவி பறக்க இருந்தது. எனக்கு ஊற்றவில்லை.