இரண்டு பித்தளை ஸ்குரு

அக்கா,

புளித்தண்ணீர் வாசம் வரும்போதெல்லாம் உங்கள் கைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அவற்றைத் திருட்டுக் கைகள் என்று நான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, ஈப்போவில் பழைய கதவுச் சாமான்களைத் தேய்த்துப் புதுப்பிக்கும் இந்தக் கடையில் சேர்ந்தபோது உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டியே வேலை செய்வீர்கள். எதை மறைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்போது உங்கள் இடத்தில் நான். சன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வருகிறது; நானும் அப்படித் திரும்பித்தான் உட்காருகிறேன்.

நீங்கள் குடியிருந்த தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களாவை இடித்தபோது வந்த கீல்களை, ஸ்குருகூட மாறாமல் வேண்டுமென்று ஒருவர் கேட்டிருந்தார். புளியில் ஊறவைத்துத் தேய்த்தது நான். இரண்டு ஸ்குரு குறைந்தது. மறுநாள் உங்கள் பைக்குள் பழைய பித்தளை தெரிந்தது. முதலாளியிடம் மெல்லச் சொன்னேன்.

"பைய தொறங்க லா," என்றார் உங்களிடம். துணி முடிச்சுக்குள் இரண்டு ஸ்குரு.

"எங்க வீட்டு கதவுல கழட்டுனது. நாங்க இருக்கறது பழைய கிராணி வீடு, தோட்டத்து கணக்குப்புள்ள வீடு. அதுக்கும் பங்களாவுக்குப் போட்ட இதே சாமான்தான் போட்டாங்க. குறையுதேன்னு கொண்டாந்தேன்."

"ஸ்குருவுக்கு கால் மொளச்சிருச்சாக்கா?" என்றார் முதலாளி.

அவற்றை வாங்கிக்கொண்டு உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகும்போது, "பாப்பா, நேரத்துக்குச் சாப்பிடு," என்றீர்கள். அதையும் வேஷம் என்றே நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்தேன். உங்கள் வாசல் கதவின் கீழ்க் கீலில் இரண்டு ஓட்டைகள் காலி. கதவை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

அப்படியானால் கடையில் தொலைந்தவை எங்கே என்று, மறுநாள் கடையின் பின்கால்வாய்க் கம்பி வலையைத் தூக்கினேன். நான் கொட்டிய புளிச்சக்கை காய்ந்து கிடந்தது. உடைத்தேன். தொலைந்த இரண்டு ஸ்குருவும் உள்ளே இருந்தன.

துடைத்து, அன்றிலிருந்து என் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். நேற்று, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் முதலாளி, "முன்ன ஒரு அக்கா இருந்துச்சு, கை கொஞ்சம் நீளம்," என்று சிரித்தார்.

"அக்கா எடுக்கல. நான்தான் சக்கையோட கொட்டிட்டேன்," என்று ஸ்குருக்களை நீட்டினேன்.

அவர் அவற்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "செத்தவங்களுக்காக ஏன் பொய் சொல்ற? இத எந்த கதவுல கழட்டுன?"

"கால்வாயில கெடந்துச்சு."

நம்பவில்லை. இன்று காலையும் சொன்னேன், அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படி. நாளையும் சொல்ல வேண்டியிருக்கும், அக்கா. என் வாழ்நாளில் நான் இவ்வளவு பேசியதே இல்லை.