சுப்பீரியர் ஏரி உறையுமா?

மார்ச் 3, 96. ஞாயிறு
ஈரப்பனி. காலில் போட்ட சப்பாத்து இன்னும் காயவில்லை. ராணி அன்ரி மாப்பிள்ளை படத்தோடு வந்தார். பெயர் சிவநேசன். தண்டர் பே என்ற ஊரில், காகித ஆலையில் வேலை. சாதகம் போன கிழமையே பொருந்திவிட்டதாம். எனக்குத்தான் இன்று தெரிகிறது.

"அதுவும் ஒன்ராறியோ மாகாணம் தானே பிள்ளை, பக்கத்திலைதான்."

அம்மாவும் தலையாட்டினார். வெள்ளிக்கு வெள்ளி நான் வீட்டுக்கு வந்து போகலாமாம். அடுத்த ஞாயிறு பதில் சொல்ல வேண்டும்.

மார்ச் 5. செவ்வாய்
நூலகம். கனடா வரைபடம். அந்தப் 'பக்கம்' பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு நாள். வரைபடத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோகொப்பி எடுத்தேன். படித்தவை:
– தண்டர் பே இருப்பது சுப்பீரியர் ஏரிக்கரையில். பரப்பில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி.
– வடகரை பழைய எரிமலைப் பாறை. கோடையிலும் தண்ணீர் குளிர்.
– ஊருக்கு எதிரே, மல்லாந்து படுத்த மனிதனைப் போல ஒரு கல்முனை.
– அந்தத் தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கி, நயாகராவில் விழுந்து, எங்கள் ஒன்ராறியோ ஏரிக்கு வருகிறது.
– முழுதும் உறையுமா? ஒரு புத்தகம் உறையும் என்கிறது. மற்றது அரிது என்கிறது.

மாப்பிள்ளையைப் பற்றி இதில் பாதிகூடத் தெரியாது.

மார்ச் 7. வியாழன்
வெயில், சூடில்லாத வெயில். அம்மா வரைபடத்தைச் சாணால் அளந்தார். பிறகு போய், கழுவிய அரிசியைத் திரும்பவும் கழுவினார்.

மாலை சிவநேசனின் தொலைபேசி. சமைக்கத் தெரியுமா என்று கேட்பார் என நினைத்தேன். இருமினார். நான் ஏரி உறையுமா என்று கேட்டுவிட்டேன்.

"தெரியாது. மூண்டு வருசமா இருக்கிறன், கரைக்குப் போகேல்லை. தனியப் போய் என்னத்தைப் பாக்கிறது?"

எனக்கு வந்தது கோபமா, இரக்கமா? இரண்டும் இல்லையோ.

மார்ச் 10. ஞாயிறு
காற்று. ராணி அன்ரி பதிலுக்காகக் காத்திருப்பு, இரண்டாவது தேத்தண்ணி. அதற்குள் மறுபடி சிவநேசனின் தொலைபேசி. நேற்றுக் கரைக்குப் போனாராம். குடா உறைந்து, ஆட்கள் ஐஸில் ஓட்டை போட்டு மீன்பிடிக்கிறார்களாம். தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு.

"அது தண்ணியோ என்னவோ. நடந்து போய்ப் பாக்கப் பயமாக் கிடந்தது."

பயம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆண். ஓம் சொல்ல இது ஒரு காரணமா? தண்ணீர் அங்கிருந்து இங்கேதான் வருகிறது. நான் மட்டும் எதிர்ப்பக்கமாகவா?

அன்ரி கேட்டார், ஓமோ இல்லையோ என்று. ஐஸ் உடைந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"பொம்பிளை போய் மாப்பிள்ளை பாக்கிறதோ?"

அம்மா போட்டோகொப்பியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "நானும் போறன்."

ஏரியைப் பார்க்கவா, அவரைப் பார்க்கவா? ஒருவரும் கேட்கவில்லை. பஸ் நேரம் விசாரிக்க வேண்டும்.