கடைசிப் பத்தி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நீ எழுதினால்தானே தெரியும். போன கடிதத்துக்கு நீ போட்ட பதில் மொத்தம் ஏழு வரி. என் வலைப்பூவுக்குத்தான் அளவு வைத்திருக்கிறாய் என்று பார்த்தால் அக்காவுக்கும் அதே அளவா?

புதுப் பதிவுக்கான தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்த சைக்கிள்தான் இந்த முறை படம். எழுதியது ஆறு பக்கம் வந்துவிட்டது. நீ தலையில் அடித்துக்கொள்வது எனக்கு இங்கேயே தெரிகிறது. ஓவியர் எழுதும் பதிவு ஐந்நூறு சொல்லைத் தாண்டக் கூடாது, வருகிறவர்கள் படம் பார்க்க வருகிறவர்கள், அவர்களுக்குப் பொறுமை கிடையாது என்று மூன்று வருடமாகச் சொல்கிறாய். என்னால் முடியவில்லையப்பா. பேனாவை எடுத்தால் வைக்க மனம் வருவதில்லை. பார்த்துச் சுருக்கிக்கொள். கணினித் திரையைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது, அதனால் நீ போட்டதுதான் பதிவு.

படம் சுமார்தான். கடையில் வாங்கிய பலகையில் வண்ணம் நிற்கவே மாட்டேன் என்கிறது, பூசப் பூசக் குடித்துவிடுகிறது. உன் அத்தான் இழைத்து, தேய்த்து, வெள்ளைப் பூச்சு கொடுத்து வைத்திருந்த பலகைகள் தீர்ந்து நான்கு மாதமாகிறது. அவர் போய் எட்டு மாதம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வேறு ஊரில் மேசை நாற்காலி செய்கிற பட்டறையில் சேர்ந்துவிட்டார். வாசலில் நின்று அவர் கேட்டது ஒன்றுதான்: “உனக்கு நான் எதுக்கு?” என்ன சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

உன் சின்னவளுக்கு இருமல் நின்றதா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வரியை எண்ணியே விட்டாயா? சரி, இந்த முறை தாராளமாக எழுதுகிறேன்.

சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. இப்போது பாட்டு வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் இருக்கிற எங்களுக்கு இருமலே தேவலாம் என்றிருக்கிறது.

உனக்கு ஒரு செய்தி. எங்கள் விளம்பர அலுவலகத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்த இடத்தில் கிளம்பிப் போனார்கள் என்று பார்த்துச் சொல்வது. போன வாரக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் கட்சி மாறிவிட்டார். சின்னப் பதிவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லையாம். நீளமான பதிவு, அதிலும் உள்ளே ஓர் ஆள் நடமாடுகிற பதிவு என்றால் கடைசிவரை படிக்கிறார்களாம், நாலு பேரிடம் சொல்கிறார்களாம். கலைஞர்கள் ஆயிரத்து ஐந்நூறு சொல்வரை தைரியமாக எழுதலாம் என்று முடிவாகியிருக்கிறது. உன்னை இத்தனை நாள் நச்சரித்த வாயாலேயே இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இனி உன் இஷ்டத்துக்கு எழுது. பழைய பதிவுகளையும் நீட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். உன் தாள்கள் எல்லாம் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எடுத்து உட்காருகிறேன்.

அத்தானுக்கு ஒரு ஃபோன் செய்து பார்க்கக் கூடாதா?

அன்புடன்,
தம்பி

---

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் மேலாளர் நன்றாக இருக்கட்டும். இது முன்பே தெரிந்திருந்தால் மூன்று வருடம் நான் வாயைக் கட்டிக்கொண்டு ஆறு பக்கத்தோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

பழையதை நீட்டுவதென்றால் நீட்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்தி மட்டும் இருக்கிறபடியே இருக்கட்டும். அது உன் அத்தானுக்காக எழுதியது. எந்தப் பலகையில் மரக்கணு இருந்தது, அதை எப்படிச் சுரண்டி அடைத்தார், ஐந்தாவது பூச்சு காயும்வரை ஈ உட்காராமல் எப்படிக் காவல் இருந்தார் என்று எழுதிவிட்டு, இவர் இல்லையென்றால் இந்தப் படமே இல்லை என்று முடிப்பேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். ஃபோனில் அதைவிட மோசம்.

பதிவு வெளியாகிற அன்றைக்கு அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனில் படிப்பார். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போவார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். எனக்கும் கேட்க வெட்கமாக இருக்கும். ஊரறிய அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அத்தனையையும் படித்த மனுஷன் எப்படி “உனக்கு நான் எதுக்கு” என்று கேட்டார்? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கல்நெஞ்சம் என்று சில நாள் திட்டுகிறேன். இருந்தாலும் இப்போதும் அந்தப் பத்தியை எழுதுகிறேன். சைக்கிள் பதிவிலும் இருக்கிறது. எங்கேயாவது உட்கார்ந்து படிப்பார் என்று ஒரு நப்பாசை.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான்கு தடவை பதில் எழுத உட்கார்ந்து நான்கு தடவையும் எழுந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசிப் பத்திகள் வெளியாகவில்லை. ஒன்றுகூட.

நீ ஆறு பக்கம் அனுப்புவாய். ஐந்நூறு சொல்லுக்குள் கொண்டுவர வேண்டும். படத்தைப் பற்றிய பகுதியில் கை வைக்க முடியாது. கடைசியில் வருவது எப்போதும் பலகை, பூச்சு, நன்றி. படிக்கிறவர்களுக்கு அலுத்துவிடும் என்று முதல் பதிவில் வெட்டினேன். இரண்டாவதில் வெட்டினேன். அப்புறம் அந்தப் பத்தியைப் படிப்பதையே விட்டுவிட்டேன், அதற்கு முந்தின வரியோடு தட்டச்சு செய்வதை நிறுத்திவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து ஒரே இருப்பில் எல்லாவற்றையும் படித்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று. அலுக்கவில்லை, அக்கா. நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சின்னவள் என்னப்பா என்று கேட்டாள், தூசி என்றேன்.

அத்தான் கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். அவர் எதைத் தேடினார் என்று இப்போது நினைத்தால் சாப்பிட உட்காரப் பிடிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

தம்பி

---

மார்ச் 10

தம்பிக்கு,

தாள்கள் எல்லாவற்றையும் அனுப்பு. சைக்கிள் பதிவையும் சேர்த்து.

அக்கா

---

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலில் எல்லாம் இருக்கின்றன. தேதி வாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

போன கடிதத்தில் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன். மறந்து போய் அல்ல, பயந்து போய்.

முதலாவது, சொல் கணக்கு பாதிதான் காரணம். மூன்று வருடமாக அலுவலகம் முடிந்து வந்து உன் கையெழுத்தோடு மல்லுக்கட்டித் தட்டச்சு செய்தது நான். படம் சேர்த்தது, வருகிறவர்களுக்குப் பதில் சொன்னது நான். கடைசிப் பத்தியில் ஒரு தடவையாவது என்னைப் பற்றி ஒரு வரி வரும் என்று ஆரம்பத்தில் பார்த்தேன். வரவில்லை. எப்போதும் அத்தான், அத்தானுடைய பலகை. வெட்டும்போது மனதில் அதுவும் இருந்தது. கை கூசவே இல்லை.

இரண்டாவது இதைவிட மோசம். போன ஜூனில் ஒரு வாசகர் பின்னூட்டம் போட்டிருந்தார். பெயர் இல்லை. ‘இந்தப் படத்துக்கான பலகையை யார் தயார் செய்தது? நாலு பூச்சா, ஐந்து பூச்சா?’ என்று கேட்டிருந்தார். எனக்கு அன்று வேலை அதிகம். உன் பெயரில்தான் எல்லோருக்கும் பதில் போடுவேன், அவருக்கும் போட்டேன். ‘பலகை கடையில் கிடைப்பதுதான். நீங்கள் படத்தைப் பாருங்கள்’ என்று.

நேற்று அந்தத் தேதியைப் பார்த்தேன். அத்தான் வீட்டை விட்டுப் போனது அதற்கு மூன்றாம் நாள். பூச்சை எண்ணுகிற வாசகர் வேறு யார் இருக்கப் போகிறார்கள்?

நானே போய் அவர் காலில் விழட்டுமா? நீ சொன்னால் இன்றே கிளம்புகிறேன். நீ சொல்லாமல் இனி எதுவும் செய்ய மாட்டேன்.

தம்பி

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

போய்விட்டு வந்தேன். உன்னை அனுப்பியிருக்கலாம். அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்ப வசதியாக இருந்திருக்கும், அதனால்தான் நானே போனேன்.

பட்டறை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளக் கூடம். நான்கு பேர் வேலை செய்கிறார்கள். உன் அத்தான் ஒரு நாற்காலிக் காலுக்குப் பசை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் வா என்றார், தூசி தட்டி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

நான் தாள்கட்டை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். பத்திகள் வெட்டுப்பட்டது, அந்தப் பின்னூட்டத்துக்குப் பதில் போட்டது நான் இல்லை என்பது, எல்லாம். உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்றே வைத்துக்கொள். தப்பெல்லாம் உன் பக்கம், நான் ஒரு பாவமும் அறியாதவள் என்கிற மாதிரித்தான் பேசினேன். பேருந்தில் வரும்போதே அப்படித்தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவர் நின்றபடியே மூன்று பதிவுகளை எடுத்துப் படித்தார். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தை மட்டும். பிறகு கேட்டார்:

“இதெல்லாம் எப்ப எழுதின?”

ஒவ்வொரு படமும் முடிந்த அன்றைக்கே எழுதியது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அப்பல்லாம் நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை, தம்பி. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

எங்கள் வீட்டில் நான் வரைகிற அறைக்கும் அவர் இழைக்கிற அறைக்கும் பத்தடி இருக்கும். நடுவில் ஒரு கதவு, அதையும் நாங்கள் சாத்துவதில்லை. அந்தப் பத்தடியைக் கடந்து சொல்ல வேண்டியதை நான் தாளில் எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, இரண்டு நாள் தூரத்தில் இருக்கிற உனக்கு அனுப்பினேன். நீ அதை உலகத்துக்கெல்லாம் போட்டு, உலகம் சுற்றி அது அவர் ஃபோனில் போய்ச் சேரட்டும் என்று மூன்று வருடம் இருந்திருக்கிறேன். சேர்ந்ததா என்று ஒருநாள்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. தலைவலியாம். நீ வெட்டியது தப்புதான், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஒரு சொல் விடாமல் போட்டிருந்தாலும் அவர் இதையேதான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கேயே சொன்னேன். மற்ற மூன்று பேரும் கையில் வேலையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள், முகமெல்லாம் எனக்குச் சூடாகிவிட்டது, ஆனாலும் சொன்னேன். “நீங்க இல்லாம என்னால முடியல. படம் மட்டும் இல்ல, ஒண்ணுமே முடியல.” அவ்வளவுதான் வந்தது. ஆறு பக்கம் எழுதுகிறவளுக்கு வாயால் சொல்ல வந்தது ஒன்றரை வரி.

அவர் பசைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். யோசிக்கிறேன் என்றார். கொஞ்சம் கழித்து, கடைசிப் பேருந்து ஐந்தே காலுக்கு என்றார். தாள்கட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பதினொரு நாளாகிறது. யோசிக்கிறார் போல.

இனி உன் விஷயம். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தக் கடிதத்தோடு தீரவில்லை, தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பெயர் போடாமல் அவர் வந்து கேட்டதற்கு நீ போட்ட அந்தப் பதில் இன்னும் சில நாள் என்னைத் தின்னும். ஆனால் உன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று சொன்னாயே, அதைப் படித்துவிட்டு என்னிடம் இருக்கிற உன் கடிதங்களையும் என் குறிப்பேட்டையும் புரட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. உன் உழைப்புக்கு நான் சொன்னது, பார்த்துச் சுருக்கு என்பதும் சீக்கிரம் போடு என்பதும்தான். அவருக்காவது தாளில் எழுதினேன். உனக்கு அதுவும் இல்லை. ரொம்ப நன்றியடா. மூன்று வருடம் தாமதமாகத்தான் சொல்கிறேன், அக்காவை மன்னித்துவிடு.

வலைப்பூவைத் திறக்கிற கடவுச்சொல்லை எழுதி அனுப்பு. பக்கத்து வீட்டு ஆசிரியை தட்டச்சு கற்றுக்கொடுக்கிறேன் என்றிருக்கிறாள். இப்போதைக்கு ஒரு விரலால் ஒரு வரிக்குக் கால்மணி நேரம் ஆகிறது. ஐந்நூறு சொல்லா, ஆயிரத்து ஐந்நூறா என்பதை இனி அந்த விரல் பார்த்துக்கொள்ளும். கேள்வி கேட்கிறவர்களுக்கு நானே பதில் போடுகிறேன்.

எனக்காக நீ இனி ஒன்றும் எழுத வேண்டாம், எனக்கு எழுது. உனக்கு என்மேல் இன்னும் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் எழுது. எத்தனை பக்கமானாலும் சரி, கடைசி வரிவரை படிப்பேன்.

அன்புடன்,
அக்கா