ஈசானி மூலையில் நின்ற கால்

ராசிபுரம்,
நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தம்பியும் இங்கே சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்லித்தான் தீக்குச்சியைக் கிழிக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, தைலம் தேய்த்துவிடும் உத்தியோகம் எனக்கு வந்திருக்கிறது, அதிலும் அழுத்தம் போதவில்லை என்று குறை சொல்கிறாள். ஜீவாவுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் சட்டை முழுக்கப் பெயிண்ட், அம்மா துவைக்கும்போது பட்டறைக்காரரைத் திட்டுகிறாளே தவிர அவனை ஒரு வார்த்தை சொல்வதில்லை. நம் செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மழை ஒரு வாரமாகப் பிடித்துப் பெய்து போன புதன்கிழமைதான் வெறித்தது.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, உங்கள் கட்டடத்தில் நிறுத்தியிருக்கும் படிக்கட்டு டவரைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் குழாய்கள் இரண்டு மாடியில் இல்லவே இல்லை, பதினேழாம் தேதி அதை ஒப்படைக்க வேண்டுமாம், பத்திரமாக இருக்கிறது என்று பச்சைச் சீட்டு மாட்டி, சாரத்தைச் சோதிக்கும் வேலை உன்னுடையதுதானே என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடாவிட்டால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள், என்னப்பா செய்யட்டும் என்று கேட்டாய். ஒரு கையெழுத்துத்தானே சாமி, போட்டுட்டுப் போயேன், புடிமானம் இல்லாத எத்தனை சாரத்துல நாங்க ஏறியிருக்கறோம் என்று நான் சொன்னேன். நீ சரிங்கப்பா என்றுகூடச் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மாவோடுதான் பேசுகிறாய். இங்கே நடந்ததை அம்மா உனக்குச் சொல்லி, அப்பா மனசு மாறிவிட்டார் என்றதற்கு, அவர் வாயாலேயே சொல்லட்டும் என்றாயாம். நியாயம்தான். ஆனால் போனில் ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் கோபம் வரும், கோபம் வராவிட்டால் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன், இரண்டும் உனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன். சின்னராஜ் மகன் கௌசிக் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறான், பதினேழாம் தேதிக்கு முன்னால் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் மேஸ்திரியாக இருக்கும் நாலு மாடி ஹாஸ்டல் கட்டடம் உனக்குத் தெரியும். அங்கேயும் இந்த முறை ஏணி கட்டாமல் இரும்பு டவர்தான் வாடகைக்கு வந்தது. நாலு மூலைக்கு நாலு கால், குறுக்குக் குழாய்களைக் காலில் இருக்கும் இரும்புக் கிண்ணத்தில் செருகி ஆப்பை இறுக்கி, நடுவில் இரும்புப் படிகளைக் கொக்கி மாட்டி, மாடிக்கு மாடி திரும்பித் திரும்பி ஏறுகிற மாதிரி. நீ லீவில் வந்தபோது பயிற்சியில் படித்ததை ஒப்பித்துக் காட்டுவாயே, காலுக்கு அடியில் கெட்டித் தரையும் பலகையும் வேண்டும், முதல் அடுக்கிலேயே ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், மேல் தட்டுக்குப் போவதற்கு முன்னால் அதற்குக் கைப்பிடி மாட்டிவிட வேண்டும் என்று. நான் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே பள்ளிக்கூடப் பாட்டுப் பாடி முடிச்சாச்சா என்று கேலி செய்வேன். ஆனால் எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது. விழுந்தும் நான் செய்தது என்னவென்று கேள்.

டவரின் நாலு காலில் ஒரு கால் சரியாக ஈசானி மூலையில் வந்து நின்றது. பூமி பூஜைக்குக் குழி போட்டு, பாலும் நவதானியமும் விட்டு, செங்கல் வைத்து மூடினோமே, அந்த இடம். அந்தக் குழியை வெட்டியதும் நான்தான், மண் தள்ளி மூடியதும் நான்தான். சுற்றியுள்ள தரையை எல்லாம் திம்சுக்கட்டையால் இடித்துக் கெட்டியாக்கியபோது அந்த மூன்றடி இடத்தை மட்டும் சாமி குழி என்று யாரும் இடிக்கவில்லை, நானும் இடிக்கவிடவில்லை. சரி, அப்படியானால் காலுக்கு அடியில் பலகையாவது போட்டிருக்கலாம். போடவில்லை. கையில் இருந்த பலகை எல்லாம் கக்கூஸ் தொட்டி வேலைக்குப் போட்டு எடுத்தது. மஞ்சளும் குங்குமமும் விழுந்த இடத்தில் அதைக் கொண்டுபோய் எப்படி வைப்பது என்று மனசு வரவில்லை. மூன்று காலுக்குப் பலகை, நாலாவது காலுக்கு அதன் அடியில் இருக்கும் உள்ளங்கை அகலத் தகடு மட்டும். சாமி பார்த்துக்கொள்ளும் என்று மற்றவர்களிடமும் சொன்னேன். நிறுத்திய அன்று நேராகத்தான் இருந்தது. சுவர்ப்பக்கம் இரண்டாவது மாடித் தூணோடு இரண்டு பிடி போட்டேன், மற்ற மாடிகளுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அப்புறம்தான் மழை. மலையடிவாரத்தில் பெய்தால் தண்ணீர் அந்த மூலை வழியாகத்தான் ஓடும். போன வெள்ளிக்கிழமை மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட ஏற்பாடு, பம்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் இன்ஜினியர் சந்திரசேகர் டீக்கடைக்கே வந்து, மழைக்கு அப்புறம் டவரைப் பாத்துட்டீங்களாண்ணா, இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து வேணுங்க என்று நீட்டினார். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பேனா. பார்த்தாச்சுங்க என்று சொல்லி அங்கேயே போட்டுக் கொடுத்தேன். நான் டவரை அன்றைக்கு ஏறெடுத்தும் பார்க்கவில்லை, சாமி. உனக்குச் சொன்ன புத்தியை நானே நடத்திக் காட்டினேன்.

வேலை ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகியிருக்காது. குப்பாயி என்று ஒரு சித்தாள், வாழப்பாடிப் பக்கம், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனுஷி. முதலில் ஏறியவள் அவள்தான். தண்ணீர் வாளியோடு ஏறினவள் முதல் மாடித் தட்டில் வாளியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டு, அப்படியே திரும்பிக் கீழே வந்துவிட்டாள். என்னவென்று கேட்டால், வாளியில தண்ணி ஒரு பக்கமாவே நிக்குது மேஸ்திரி, நான் ஏறமாட்டேன் என்றாள். நான் எகிறினேன். நேத்து வரைக்கும் ஏறுனவதானே, இன்னைக்கு என்ன புதுசா மகாராணி ஆயிட்டியா, ஏற முடியாதுன்னா ஊட்டுக்குப் போ என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் போய் மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் பதினாலு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாருங்க, நான் ஏறிக் காட்டறேன் என்று விறுவிறுவென்று ஏறினேன்.

இரண்டாவது மாடித் தட்டில் திரும்பும்போது தூணைப் பார்த்தேன். நான் போட்ட இரண்டு பிடியில் ஒன்று வழுக்கி, புதுச் சிமெண்டின் மேல் இரண்டு விரல் நீளத்துக்குக் கோடு இழுத்திருந்தது. இன்னொன்று குழாய் வளையாத குறையாக முறுக்கிக்கொண்டு நின்றது. அந்த ஒரு பிடிதான் முழு டவரையும் நிறுத்தி வைத்திருந்தது. உன் கட்டடத்தில் இல்லை என்கிறாயே, அந்தப் பிடிதான். ஏறும்போது தடதடவென்று ஏறினவன், இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி இறங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. கீழே வந்து பார்த்தால் ஈசானி மூலைக் கால், தகடே தெரியாமல் அரைச் சாண் மண்ணுக்குள் போயிருந்தது. தள்ளி நின்று தூக்குக்குண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், உச்சி நாலு விரற்கடைக்கு மேல் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை கான்கிரீட்டுக்கு ஒரே நேரத்தில் அதில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

சந்திரசேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. நானும் பாக்காமத்தான் பேப்பரை வாங்கி வெச்சுட்டேங்கண்ணா என்றார், உடனே போன் போட்டுப் பம்பு வண்டியை வேண்டாமென்றார். நல்ல பையன், தப்பை என் தலையில் தள்ளிவிட்டுப் போகவில்லை. அந்தப் பேப்பரை நான் திருப்பிக் கேட்டு வாங்கி என் கையெழுத்தை அடித்தேன்.

பிறகு அவசரப்படாமல் செய்தோம். யாரும் டவர் பக்கம் போகாமல் கயிறு கட்டினோம். கட்டடத்துக்கு உள்ளே மாடிக்கு மாடி ஏணி வைத்துப் போய், உள்ளேயிருந்தே எல்லா மாடியிலும் புதுப் பிடி போட்டு டவரைத் தூணோடு நிறுத்தினோம். அப்புறம்தான் பெல்ட்டைத் தூணில் மாட்டிக்கொண்டு உச்சியிலிருந்து ஒவ்வொரு அடுக்காகக் கழற்றினோம், அந்தந்த அடுக்கு இறங்கும் வரைக்கும் அதன் பிடியைத் தொடவில்லை. தரைக்கு வந்ததும் நானே அந்தக் குழியைத் தோண்டினேன். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, மன்னிச்சுக்க சாமி, ஆளுங்க ஏறி எறங்கற எடம் என்று சொல்லிவிட்டுத்தான் கடப்பாரையைப் போட்டேன். செங்கல்லை எடுத்துப் பக்கத்தில் வேலி ஓரமாக வைத்து மறுபடி பூ போட்டேன். குழியில் ஜல்லியும் கிராவலும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து, மேலே கான்கிரீட் போட்டு, புதுப் பலகை வாங்கி வந்து நாலு காலுக்கும் வைத்தோம். இந்த முறை முதல் அடுக்கை நிறுத்தி ரசமட்டம் காட்டாமல் இரண்டாவது அடுக்குக்குக் குழாயே கேட்கவில்லை. ஆப்பு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். கைப்பிடி, கால் விளிம்புப் பலகை, மாடிக்கு மாடி பிடி, எதையும் அப்புறம் என்று சொல்லவில்லை. உன் பள்ளிக்கூடப் பாட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் செய்தேன், சிரிக்காதே.

நேற்றுச் சாயங்காலம் முடிந்தது. எல்லோரையும் நிற்க வைத்து, நான் அன்னைக்குப் பேசுனது தப்பு குப்பாயி, நீ உக்காரலைன்னா என்ன ஆயிருக்குமோ என்று சொன்னேன். கைகட்டி நின்று அப்படிச் சொல்வதற்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள், அத விடுங்க, முதல்ல நீங்க ஏறி வாங்க என்றாள். ஏறி இறங்கினேன். பிறகு அவள் வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்த் தட்டுக்குத் தட்டு வைத்துக் குனிந்து பார்த்தாள். நாலாவது மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, ஆளுங்க வரலாம் என்று கூப்பிட்டாள். தினமும் காலையில் அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் பேப்பரில் கை வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். போட்டுட்டுப் போயேன் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போடாதே, சாமி. அந்த இரண்டு மாடியிலும் பிடி போட்டு, நீ உன் கண்ணால் பார்த்த பிறகு போடு, அதற்கு முன்னால் யார் சொன்னாலும் போடாதே. அங்கேயும் வாளி தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகளோ, அவர்களுக்கு உட்காரத் தைரியம் இருக்குமோ இருக்காதோ, அவர்களுக்காகத்தான் உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடு. வேலை போய்விட்டது என்று ஊரில் யாராவது வாயைத் திறந்தால் நான் பேசிக்கொள்கிறேன். என் பிள்ளை நான் சொல்லியும் கேட்காமல் பதினைந்து நாளாகத் தனியாக நின்றிருக்கிறாள், அந்தத் தைரியம் எனக்கு இந்த ஐம்பத்தாறு வயது வரைக்கும் இருந்ததில்லை. அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் உன்னை அழ வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

கௌசிக்கிடம் அம்மா பருப்புப் பொடியும் நிலக்கடலை உருண்டையும் கொடுத்து அனுப்புகிறாள், உருண்டையை அவன் பாதி வழியில் தீர்த்துவிடாமல் எண்ணி வாங்கு. வெயிலில் நிற்கும்போது தலையை மூடிக்கொள், தண்ணீர் குடி, மேலே ஏறினால் பெல்ட்டை மாட்டு. மலைமேல் இருக்கும் முருகனும் நம் குலதெய்வமும் உனக்குத் துணையாக நிற்கட்டும், நீ எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும். பதினேழாம் தேதி ராத்திரி எந்த நேரமானாலும் என் நம்பருக்கே கூப்பிடு, அம்மா நம்பருக்கு வேண்டாம்.

எழுதி முடித்ததும் அம்மா இதை முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னாள். ஏனுங்க, ஒண்ணும் உட்டுப்போகலையே, எல்லாத்தையும் பாத்துட்டீங்களா என்று கேட்டாள். முதல் வரியிலிருந்து மறுபடி ஒரு தடவை பார்த்தேன். பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அன்பு அப்பா,
அருணகிரி