பின் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டேன்

யொவ்னா,

நீ சுரங்க வேலையிலிருந்து வரும்போது நான் மான் மந்தைக்குப் போயிருப்பேன். அடுப்பில் கலைமான் இறைச்சிச் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடி.

நேற்று காட்டுக்குள் புதுப்பனியில் மோட்டார் பனிவண்டி மூக்கைப் புதைத்துக்கொண்டது. தனியாளாகத் தோண்டியெடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பின் ஸ்பிரிங் இன்னும் நம் இரண்டு பேர் கனத்துக்கே இறுக்கியிருந்தது. நான் மட்டும் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்குவதில்லை, பாரமெல்லாம் முன்னால் போய்விடுகிறது. காலையில் அதைத் தளர்த்தி, அடிப்பட்டையின் முன்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும் வாரையும் ஒரு துளை நீட்டிவிட்டேன். இப்போது ஆழப்பனியிலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது.

“மந்தைக்கு வான்னு இனிமே என்னைக் கூப்பிடாத” என்று போன வாரம் சொன்னாய். “சரி, கூப்பிடல” என்றேன். அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

ஸ்பிரிங்கை மறுபடி இறுக்குவது ஐந்து நிமிட வேலைதான்.

மாரெட்

உன் தங்கை எல்லே மாலையில் கொட்டகைச் சாவி வாங்க வருவாள். ஆணியில் மாட்டியிருக்கிறேன், கொடுத்துவிடு.

இன்னொன்று. நேற்று தோண்டி முடிக்கும்வரை உன்னைத்தான் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து உன்னோடு பேசின மாதிரி இருந்தது.