மாசி மகத்தில் போட்ட நாடகம்

அன்புள்ள ரேணுகாவுக்கு,

அக்கா தனகோடி எழுதுவது. அம்மாவும் நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்கக் கன்னியம்மாவை வேண்டுகிறேன். நீங்கள் காவல் இருக்கும் மாந்தோப்பில் போனுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் உன் கொழுந்தனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிரசவத்துக்கு இங்கே வரமாட்டேன் என்று கொழுந்தனிடம் சொன்னாயாம். அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்லவில்லை.

ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. நான் காலையில் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிறேன். சிறுசேரி ஆபீசுகளுக்குக் கூட்டிப் பெருக்கப் போகிறவர்களுக்கு வேன் வருகிறது. அதுவும் இத்தனை நாள் கேட்டுக்கு வெளியேதான் நின்றது.

அந்தக் கேட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். மனை போட்ட கம்பெனி நம் வண்டிப்பாதையை மறித்துக் கேட் போட்டதும், பிரபாவதிக்கு வலி கண்ட அன்று ஆம்புலன்ஸ் அதற்கு வெளியே நின்றதும், சாவியை வைத்துக்கொண்டே வாட்ச்மேன் திறக்க மறுத்ததும் உனக்குத் தெரியும். அவளைப் புடவையில் கிடத்தி ஏரிக்கரை சுற்றித் தூக்கிப் போனபோது ஒரு முனையைப் பிடித்தவள் நீ. பிள்ளை தங்கவில்லை.

மழைக்காலம் முழுக்க மனு கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நம் அங்கன்வாடி ஜாக்குலின் டீச்சர்தான், "மாசி மகத்துக்கு உங்க சனம் மொத்தமும் மாமல்லபுரம் கடக்கரைக்கு வருது. அங்க இத நாடகமா போட்டுக் காட்டுங்க" என்றார்.

நாடகத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருத்தியும் தன் ஆசையைச் சொல்ல வேண்டும். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்ட குளியலறை கேட்டேன். சாரதாம்பாள் அத்தை, "ஏரோப்ளேன்ல ஏறி, மேலருந்து பாத்தா நம்ம வூடு தெரியுதான்னு பாக்கணும்" என்றது. ஒத்திகையில் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

வாட்ச்மேன் வேஷத்துக்கு மட்டும் யாரும் முன்வரவில்லை. பிரபாவதி ஒத்திகைப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்திருந்தோம். வந்தாள். "அந்த வேஷத்த நான் கட்றேன்" என்றாள். வேண்டாம் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "அவன் எப்பிடி நின்னான்னு உங்க யாருக்கும் தெரியாது. நான் படுத்துக்கினு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். டீச்சர் வாட்ச்மேன் தொப்பியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

கடற்கரையில் புடவைக் கூடாரங்கள் போட்டு, மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிட்டோம். பொழுது சாய்கிற நேரத்தில் நாடகம். இரண்டு கழி நட்டு, குறுக்கே ஒரு மூங்கில் கட்டியதுதான் கேட். கர்ப்பிணியாக நான் நடித்தேன். வயிற்றில் துணி மூட்டை கட்டி, புடவையில் படுத்துக்கொண்டேன். நாலு பேர் தூக்கினார்கள்.

"ஆர்டர் இல்ல, தொறக்க முடியாது" என்று பிரபாவதி மூன்று தரம் சொல்ல வேண்டும். பிறகு நாங்கள் ஏரிப்பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு தரம் சொன்னாள். அந்த ஆளின் குரலிலேயே சொன்னாள். மூன்றாம் தரம் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று டீச்சர் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் மூங்கிலை அவிழ்த்து மணலில் போட்டாள். "போங்க. சீக்கிரம் போங்க" என்றாள்.

திறந்தால் என்ன செய்வது என்று நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லையே. தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். சாரதாம்பாள் அத்தைதான், "தொறந்துட்டா இல்ல, நடங்கடி" என்று முதுகில் தள்ளியது. கேட்டைத் தாண்டி என்னை இறக்கினார்கள். எனக்கும் ஒன்றும் தோன்றாமல், மூட்டையை அவிழ்த்துக் கையில் எடுத்தேன். கூட்டத்தில் முகம் தெரியாத ஒரு பெண் குலவை போட்டாள். பிறகு கடற்கரை முழுக்கக் குலவை.

மூட்டையைப் பிரபாவதியிடம் கொடுக்கலாமா, கூடாதா என்று தடுமாறினேன். அவளே வந்து வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, துணியை உதறி மடித்துத் தந்தாள். கூடாரத்துக்குப் போனதும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சோறு கேட்டாள். பிள்ளை போனதிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

நாடகத்தைச் சிலர் போனில் பிடித்து அனுப்ப, அது தாலுகா ஆபீஸ் வரை போய்விட்டது. அங்கிருந்து ஆள் வந்து அளந்து, அது பொதுப்பாதைதான் என்று சொல்லிப் பூட்டை எடுக்க வைத்தார்கள். கேட் இன்னும் நிற்கிறது, பூட்டு மட்டும் இல்லை. மறுபடி போட மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அதனால் காலையும் மாலையும் முறை வைத்துப் போய்ப் பார்க்கிறோம். முறை இல்லாத நாளிலும் பிரபாவதி போகிறாள். உன் பேச்சு வந்தபோது, "ரேணு வரட்டும். ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போறேன்" என்றாள்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. மரத்தடியில் பாம்பு பார்த்து நட. தண்ணீர்க் குடத்தை மாப்பிள்ளை தூக்கட்டும்.

ஏழாம் மாதம் உனக்கு வளையல் போட வேண்டும். உன் மணிக்கட்டு இப்போது எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை. ஒரு நூலால் அளந்து கொழுந்தனிடம் கொடுத்தனுப்பு. நூல் வந்தால், நீ வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

உன் அக்கா,
தனகோடி