பிலோமினா ஏன் நடக்கிறாள்?

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் பழுது அறிக்கை எழுதிப் பழகிய கை இது. எண் போடாமல் எனக்கு யோசிக்க வராது. ஆகவே இந்த நோட்டில் எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

பொருள்: பிலோமினா. சிலி நாட்டு டரான்டுலா சிலந்தி. பெண். வயது ஏறத்தாழ ஆறு. உரிமையாளர் என் மகள் அன்னா. ஜூன் முதல் என் பொறுப்பில்.

1. மாற்றம் என்ன, எப்போது தொடங்கியது.
2. பக்கத்து மனையில் நடக்கும் கட்டட வேலை, அதன் அதிர்வு.
3. என் மனைவி ஜோசஃபின் ஏற்றும் கொசுவர்த்தி.
4. ஜூலை 20 அன்று தோசைக் கரண்டியால் நான் செய்தது.
5. காரணம் தெரியும்வரை அன்னாவிடம் எதுவும் சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது.

ஐந்தாவது காரணம் அல்ல, முடிவு. இருந்தாலும் பட்டியலில் இருக்கட்டும்.

முதலாவதை இன்றே எழுதிவிடுகிறேன். அன்னா ஆராய்ச்சி வேலைக்காக ஜெர்மனி போனபோது இந்தக் கண்ணாடிப் பெட்டியை எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளங்கை அகலச் சிலந்தி. தேங்காய் நார்த்தூள் மெத்தையில் ஒரு மூலையில் உட்கார்ந்தால் நாள் கணக்கில் அசையாது. வாரம் ஒரு சில்வண்டு. அவ்வளவுதான் வேலை. பெயர் வைத்தது என் மனைவி. "உங்க அக்கா மாதிரியே மூலையில உக்காந்து எல்லாரையும் மொறைக்குது பாருங்க" என்றாள். என் அக்கா தங்கவயலில் இருக்கிறாள். அவளுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது.

ஆகஸ்ட் 6 முதல் பிலோமினா நடக்கிறாள். பட்டப்பகலில், கண்ணாடி ஓரமாகவே, சுற்றிச் சுற்றி. சில்வண்டு காலடியில் வந்தாலும் தாண்டிப் போகிறாள். நடுவில் நின்று முன்பக்கத்துக் குட்டைக் கால்களால் தரையைத் தட்டுகிறாள். டக்டக்டக். மறுபடி நடை.

ஆறு வருடம் உட்கார்ந்திருந்த ஒன்று எதற்காக எழுந்து நடக்க வேண்டும்?

13 ஆகஸ்ட்

பெட்டியின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன். பக்கத்து மனையில் இயந்திரம் அடிக்கும்போதெல்லாம் தண்ணீர் வட்டமிடுகிறது. நல்ல அறிகுறி. அதாவது கெட்ட அறிகுறி.

15 ஆகஸ்ட், வியாழன்

சுதந்திர தினம். வேலை இல்லை, இயந்திரம் இல்லை, தம்ளர் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் பிலோமினா நாற்பத்தொரு சுற்று. நேற்றைவிட இரண்டு சுற்று அதிகம்.

இரண்டாவது காரணத்தை அடித்துவிட்டேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. மூன்று நாளாகக் கொசுவர்த்தி நிறுத்தம். சுற்றுகளில் மாற்றம் இல்லை. ஜோசஃபினிடம் மாற்றம் உண்டு. முழங்கை வரை தடித்திருப்பதைக் காட்டி, "ஏங்க, அதுக்கு மூச்சு முட்டும்னு என்னை கொசுகிட்ட குடுத்துட்டீங்களே, நான் செத்தா அதுவா உங்களுக்கு ரசம் வெக்கும்?" என்று கேட்டாள். மூன்றாவதையும் அடித்துவிட்டேன்.

மாலையில் அன்னா வீடியோவில் வந்தாள்.

"பிலோ எப்படிப்பா இருக்கா?"

"நல்லா இருக்காம்மா."

"காட்டுங்க."

"இப்ப வேணாம். தூங்குறா."

எனக்குப் பின்னால் டக்டக்டக். போனில் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். எழுபத்திரண்டு வயதில் மகளிடம் பொய். சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வந்த அதே நாளில்.

19 ஆகஸ்ட்

நான்காவது. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூலை 20 காலை பெட்டியைத் திறந்தால் பிலோமினா மல்லாந்து கிடந்தாள். எட்டுக் காலும் மேலே. நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஜோசஃபினைத்தான் கூப்பிட்டேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, "ரோஜாத் தொட்டியில பொதைச்சிரலாம், எறும்பு வர்றதுக்குள்ள எடுங்க" என்றாள். கையால் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. சமையலறையிலிருந்து தோசைக் கரண்டியைக் கொண்டுவந்து முதுகுக்குக் கீழே விட்டுத் தூக்கினேன்.

ஒரு கால் மெல்ல மடங்கியது.

கரண்டியோடு அப்படியே கீழே வைத்தேன். கடைசி அரை அங்குலம் விழுந்தே இருக்கும். அதன் பிறகுதான் அன்னா எழுதி வைத்துப்போன தாளைத் தேடிப் படித்தேன். "மல்லாந்து கிடந்தால் தோல் உரிக்கிறது என்று அர்த்தம். தொடவே கூடாது." மூன்றாவது வரியிலேயே இருந்தது. படித்துப் படித்து வாழ்ந்தவன் அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

மதியத்துக்குள் பழைய தோல் தனியாகவும் பிலோமினா தனியாகவும் இருந்தார்கள். புதிய உடம்பு மெலிந்து, கால்கள் நீண்டு, நிறம் கறுத்திருந்தது. தோலை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதினேன். அன்னாவிடம் சொல்லவில்லை. தோல் உரித்ததைச் சொன்னால் கரண்டியையும் சொல்ல வேண்டுமே.

அப்படியென்றால் இந்த நடை? உள்ளே ஏதோ கலங்கிவிட்டதா? நான்தான் கெடுத்தேனா? வேற யாரு கெடுப்பா. நான்தான்.

22 ஆகஸ்ட்

விடிந்ததும் பார்த்தால் தொட்டில் போல ஒரு வெள்ளை வலை கட்டி அதற்கடியில் கவிழ்ந்திருந்தாள். அரை மணியில் வலையைக் கலைத்துவிட்டு மறுபடி நடை. பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

24 ஆகஸ்ட், சனி

அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி அன்னா கொடுத்த எண்ணுக்கு நேற்று போன் செய்தேன். ஐந்து முறை எண்ணை அழுத்திவிட்டு வைத்த பிறகு. சஞ்சய் என்று பெயர், வேலூர்க்காரர், ஐடி வேலை, ஈஜிபுராவில் வாடகை வீட்டில் ஒன்பது டரான்டுலா வளர்க்கிறார். இன்று பைக்கில் வந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்தவர் குடிக்க மறந்துவிட்டார்.

"அங்கிள், இது பொம்பளைன்னு யார் சொன்னாங்க?"

"வித்தவர் அப்படித்தான் சொன்னாராம்."

"விக்கிறவன் எல்லாத்தையும் பொம்பளைன்னுதான் சொல்லுவான் அங்கிள். பொம்பள இருபது வருஷம் இருக்கும். ஆம்பளைய யார் காசு குடுத்து வாங்குவா? இங்க பாருங்க."

டார்ச் அடித்துக் காட்டினார். முன்னங்கால்களின் உட்பக்கம் சின்னக் கொக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்று. குட்டைக் கால்களின் முனை குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருந்தது. கடைசியாகத் தோல் உரித்த ஆணுக்கு மட்டுமே வருமாம். உரித்துக் கொஞ்ச நாளில் அது எழுந்து நடக்கத் தொடங்கும், சாப்பாடு மறக்கும், தரையைத் தட்டித் தட்டிப் பதில் வருகிறதா என்று நிற்கும். அந்த வெள்ளைத் தொட்டில் எதற்கு என்பதையும் சொன்னார். ஜோசஃபின் பக்கத்தில் இருந்ததால் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோய் கிடையாது அங்கிள். பொண்ணு தேடுது."

"ஒருவேளை... தோசைக் கரண்டியால ஏதாவது?"

"தோசைக் கரண்டியா?" முழுவதும் கேட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்து சிரித்தார். "கால் எட்டும் இருக்கில்ல? விடுங்க."

இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"சொல்ல முடியாது. சிலது ஒரு வருஷம் போகும். சிலது கிறிஸ்துமஸ் பாக்காது. அன்னாவுக்குத் தெரியுமில்ல?"

அன்னாவின் டிக்கெட் டிசம்பர் 21.

அவர் போனதும் ஜோசஃபின், "ஆம்பளப் புள்ளைக்குப் போய் உங்க அக்கா பேர வெச்சனே! இனிமே பிலோமின்ராஜ்" என்றாள்.

பழுது அறிக்கையில் தலைப்பில் இருப்பதை யாரும் சோதிப்பதில்லை, கீழே உள்ள காரணங்களைத்தான் சோதிப்போம். நான் "பெண்" என்று எழுதினேன், இணையத்தில் ஆண் சிலந்திகளைப் பற்றிய பக்கங்களையெல்லாம் நமக்கு வேண்டாதவை என்று தள்ளிவிட்டுப் படித்தேன். விடை அந்தப் பக்கங்களில்தான் இருந்திருக்கிறது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

அன்னா கூப்பிட்டாள். சொல்லவில்லை.

29 ஆகஸ்ட்

சுற்று ஐம்பத்திரண்டு. ஒரு சில்வண்டு சாப்பிட்டான்! பிறகு தட்டினான். நான் பெட்டிக்கு வெளியே மேசையில் விரலால் அதே போலத் தட்டிப் பார்த்தேன். நின்றான். என் பக்கம் திரும்பினான். ஏமாற்றுகிறோம் என்று தோன்றி நிறுத்திவிட்டேன்.

"இவ்ளோ நேரம் அதுகிட்ட பேசுறீங்க. பெத்த பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்த பேச மாட்டீங்களா?" என்றாள் ஜோசஃபின். அதில் கேலி இல்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். தோல், கரண்டி, கொக்கி, சஞ்சய் சொன்னது. வரிசையாக.

அன்னா முதலில் கேட்டது தேதியைத்தான்.

"உரிச்சது எப்போன்னு சொன்னீங்க?"

"ஜூலை இருபது."

"ஆம்பளன்னு எனக்குத் தெரியும்பா. போன வருஷம் உரிச்ச தோல லென்ஸ் வெச்சுப் பாத்தேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க தெனமும் இன்னிக்கா நாளைக்கான்னு உக்காந்திருப்பீங்க. கடைசித் தோல் உரிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னு நெனச்சேன். ஆகஸ்ட் முழுக்க எனக்கு லீவுப்பா. எங்க போறதுன்னு தெரியாம ரூம்லயே இருந்தேன். உரிச்ச அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா வந்திருப்பேன்."

கையில் இருந்த தாளை மடித்து வைத்தேன்.

"சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் முழுக்க அங்க தனியா உக்காந்திருந்திருக்கா. நான் இங்க தம்ளர்ல தண்ணி ஊத்தி வெச்சுப் பாத்துட்டு இருந்திருக்கேன்.

2 செப்டம்பர்

நடக்கிறான். எண்ணவில்லை.

4 செப்டம்பர்

அன்னாவிடமிருந்து ஒரு வரி: "28ஆம் தேதி வர்றேன். பத்து நாள்தான் குடுத்தாங்க. அவனைப் பாத்துக்கோங்க. தாள முழுசாப் படிங்கப்பா."

படித்தேன். இரண்டு பக்கம். பின்பக்கமும்.

6 அக்டோபர், ஞாயிறு

எட்டு நாளாக அன்னா பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தே சாப்பிடுகிறாள். நாளை மறுநாள் கிளம்புகிறாள். பிலோமின்ராஜ் இளைத்திருக்கிறான், முதுகில் முடி கொட்டி வழுக்கை விழுந்திருக்கிறது, ஆனால் நடக்கிறான்.

இன்று மதியம் அவனை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஈஜிபுரா போனோம். சஞ்சயிடம் அதே இனத்தில் ஒரு பெண் சிலந்தி இருக்கிறது, இவனைவிடப் பருமன். சில சமயம் ஆணைக் கடித்துத் தின்றுவிடுமாம். அன்னா என்னைப் பார்த்து, "விடலாமாப்பா?" என்றாள். இம்மாதிரி விஷயத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். என் மடியில் இருந்த டப்பாவுக்குள் அவன் தட்டிக்கொண்டிருந்தான். விடலாம் என்றேன்.

பெண் சிலந்தி பாய்ந்தால் நடுவில் நுழைக்க ஒரு அட்டைத் துண்டை சஞ்சய் என் கையில் கொடுத்தார். பெட்டிக்குள் இறங்கியதும் அவன் நின்று தட்டினான். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. மேசையில் ஊன்றியிருந்த என் முழங்கையிலேயே அதை உணர்ந்தேன். பிறகு மெல்லப் போய், அந்தக் கொக்கிகளால் அவளுடைய விஷப் பற்களைப் பிடித்து மேலே தூக்கினான். அதற்காகத்தான் கொக்கி! ஒரு மாதமாக டார்ச் அடித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திடீரென்று அவன் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினான், அவள் எழுந்தாள், சஞ்சய் "அங்கிள், அட்டை!" என்று கத்தினார். நான் நுழைத்தேன். சரியான இடத்தில்தான் நுழைத்தேன் என்று அன்னா சொல்கிறாள்.

எட்டுக் காலோடு வீடு திரும்பினான். அவன் டிசம்பர் பார்ப்பானா என்று தெரியாது. தான் கிளம்பிய பிறகு எல்லாவற்றையும் அன்றன்றைக்கே சொல்ல வேண்டும் என்று அன்னா கேட்டுக்கொண்டிருக்கிறாள். காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். நானும் அதையே அவளிடம் கேட்டேன். சரி என்றாள்.

முதல் பக்கத்தைத் திருப்பி ஐந்தாவது குறிப்பைப் படித்தேன். அன்னாவுக்கு நல்லது என்று எழுதியிருக்கிறேன். தவறு. எனக்குச் சுலபம் என்று எழுதியிருக்க வேண்டும்.